திருகைக் கற்களின் சாட்சியம்: இடைக்கால இங்கிலாந்தில் வர்க்கமும் அன்றாட வாழ்வும்

லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரில், 1331ஆம் ஆண்டில் வீடு வீடாகத் திருகைக் கற்கள் பறிக்கப்பட்டன. பறித்தவர் அவ்வூருக்கு நிலப்பிரபுவாக இருந்த பெனடிக்டின் துறவு மடத்தின் தலைவர், வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கற்கள் மடத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு, துறவிகள் விருந்தினரோடு பேசும் கூடத்தின் தரையில் பதிக்கப்பட்டன. தங்கள் தானியத்தைத் தங்கள் வீட்டிலேயே அரைத்துக்கொண்டதுதான் அந்த ஊரார் செய்த குற்றம்.

ஐரோப்பிய இடைக்காலத்தின் வர்க்க அமைப்பை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரு கூம்பை வரைகின்றன. உச்சியில் அரசர், அடுத்து பிரபுக்கள், பிறகு குதிரைவீரர்கள், அடியில் உழவர்கள். யாருக்குக் கீழே யார் என்பதை அந்தப் படம் காட்டுகிறது. ஆனால் கீழே இருந்தவரை மேலே இருந்தவர் எந்தக் கருவிகளைக் கொண்டு அங்கேயே வைத்திருந்தார் என்பதை அது காட்டுவதில்லை. வாளும் கோட்டையும் அந்த வேலையை எப்போதாவதுதான் செய்தன. மாவு, மது, மகளின் திருமணம், தந்தையின் சாவு, அறுவடை நாள் ஆகியவற்றின் மேல் விதிக்கப்பட்ட சிறுசிறு கடமைகளே அதை நாள்தோறும் செய்தன. அந்த அமைப்பை எதிர்த்தவர்களும் இந்தச் சிறு கடமைகளையே குறிவைத்தார்கள். இங்கிலாந்தின் பண்ணை ஆவணங்கள் இதற்குத் தெளிவான சான்று தருகின்றன.

மூன்று பிரிவுக் கோட்பாடு

சமூகத்தை வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூன்றாகப் பிரிக்கும் கருத்து 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசர் ஆல்ஃபிரட் பெயரால் வந்த எழுத்துகளிலேயே இருக்கிறது. வடக்கு பிரான்சில் 1020களில் லான் நகர ஆயர் அடல்பெரோ, அரசர் இரண்டாம் ராபர்ட்டுக்கு எழுதிய கவிதையில் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். மூன்று பிரிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, ஒன்று சரிந்தால் மற்றவை நிலைக்காது என்பது அவர் வாதம்.

இந்தக் கோட்பாட்டை எழுதியவர்கள் முதல் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. அரச அதிகாரம் தளர்ந்து, எல்லைகள் குலைந்துகொண்டிருந்த காலத்தில் அவரவர் இடத்தில் அவரவர் இருக்க வேண்டும் என்று ஆயர்கள் வலியுறுத்த விரும்பினார்கள். ஆக, இது நடந்ததைச் சொல்லும் வருணனையைவிட நடக்க வேண்டியதைச் சொல்லும் கட்டளைதான். ஆயினும் அடல்பெரோ ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: உழைப்போரின் துயரத்துக்கு முடிவில்லை, தான் ஊட்டுவதாகச் சொல்லும் ஆண்டைக்கு உண்மையில் ஊட்டுபவன் அடிமையே.

வாழ்க்கை இந்தப் பிரிவுகளுக்குள் அடங்கவில்லை. வணிகருக்கும் கைவினைஞருக்கும் இதில் தனி இடமே இல்லை. வழிபடுவோர் பெரும் நிலவுடைமையாளராக இருந்தார்கள். திருகைக் கற்களைப் பறித்த ரிச்சர்டே ஒரு கொல்லரின் மகன். சிறுவயதில் தந்தையை இழந்த அவரை வாலிங்ஃபோர்டு துறவு மடத்தின் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்து, தன் மடத்தில் நிறுவ வியப்பூட்டும் வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். தொழுநோயோடு போராடியபடியே மடத்தை ஆண்டார். உழைப்போர் வீட்டில் பிறந்த அறிவாளி ஒருவர், பதவி கைக்கு வந்ததும் உழைப்போரின் வீடுகளில் இருந்த கற்களைப் பெயர்த்தெடுத்தார். வர்க்க நலன் தனிமனிதரின் பிறப்போடு முடிந்துவிடுவதில்லை. பதவி எந்த நிறுவனத்துக்குரியதோ, அதன் கணக்கேடும் அந்த நலனைச் சுமந்து நின்றது.

அடிமையும் பண்ணையடிமையும்

நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் 1085 கிறிஸ்துமஸ் காலத்தில் ஆணையிட்டு, 1086இல் எடுக்கப்பட்ட நிலக்கணக்கு டூம்ஸ்டே ஏடு. 13,000க்கும் மேற்பட்ட ஊர்களைப் பதிவுசெய்த அந்த ஏட்டில், கணக்கிடப்பட்ட ஆட்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை. விற்கவும் வாங்கவும் கூடியவர்கள். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்த வகை அடிமைகள் இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துபோனார்கள். ஆனால் 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரச நீதிமன்றங்கள் வளர்ந்தபோது, அவற்றை அணுகும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி எழுந்தது. சுதந்திரக் குடிகளுக்கு உண்டு, பண்ணையடிமைக்குத் தன் பிரபுவுக்கு எதிராக இல்லை என்று சட்டம் கோடு கிழித்தது. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் குடியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றார்கள்.

பண்ணையடிமைக்கு வீடு உண்டு, மாடு உண்டு, பயிரிட நிலமும் உண்டு. முழுப் பங்கு என்பது 30 ஏக்கர் அளவு. ஆனால் 1300 வாக்கில் பலரிடம் பத்து ஏக்கர்கூட இல்லை. அந்த நிலத்துக்கு ஈடாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும். அதனால் மூத்த மகனோ கூலியாளோ போவதுண்டு. அறுவடைக் காலத்தில் கூடுதல் நாள்கள். அப்போது பிரபு சாப்பாடு போட வேண்டும் என்பது வழக்கம்.

உழைப்போடு கடமை முடியவில்லை. மகளுக்குத் திருமணம் செய்யப் பணம் கட்ட வேண்டும். மகனைப் பள்ளிக்கு அனுப்பப் பணம், பண்ணையை விட்டு வெளியூரில் வாழ ஆண்டுதோறும் பணம். குடும்பத்தலைவர் இறந்தால் வீட்டிலிருந்த சிறந்த மாடு பிரபுவுக்கு. அடுத்த சிறந்தது பெரும்பாலும் கோவில் குருவுக்கு. விளைச்சலில் பத்தில் ஒன்று தேவாலயத்துக்கு. மாவரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும். அரைத்ததில் பதினாறில் ஒன்றோ இருபத்து நாலில் ஒன்றோ, ஊர் வழக்கப்படி ஆலைக்குப் போய்விடும்.

ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறு தொகை. ஆனால் பிறப்பு முதல் சாவு வரை எந்த முக்கியமான செயலும் பிரபுவின் அனுமதியின்றி நடக்காது என்பதை இவை மறுபடி மறுபடி உணர்த்தின. வசூலான பணத்தின் அளவுக்கு, சிலசமயம் அதைவிடவும், இந்த உணர்த்தலே பிரபுவுக்கு முக்கியமாக இருந்தது.

வீடும் வயலும்

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட ஊரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தார்கள். மரச்சட்டங்களின் மேல் வேய்ந்த கூரை, நடுவில் புகைபோக்கியில்லா அடுப்பு, ஒரு முனையில் மனிதர், மறுமுனையில் மாடு என்ற நீள்வீடுகள் அங்கே இருந்தன. தேவாலயத்து இடுகாட்டில் கிடைத்த ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகள், ஏடுகளில் இடம்பெறாத மனிதரைப் பற்றிப் பேசுகின்றன. சிறுவர்கள் வயதுக்கேற்ற உயரம் எட்டாமல் வளர்ந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒன்றரை வயதளவும் தாய்ப்பால் ஊட்டப்பட்டதை எலும்புகளின் வேதியியல் காட்டுகிறது. வறுமையும் பராமரிப்பும் ஒரே இடுகாட்டில் பதிவாகியிருக்கின்றன.

வயல்கள் வேலியின்றி நீளநீளப் பட்டைகளாகப் பிரிந்து கிடந்தன. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் பல பட்டைகளாகச் சிதறியிருந்ததால், எப்போது விதைப்பது, எப்போது மாடு மேயவிடுவது என்பதை ஊரே கூடி முடிவுசெய்ய வேண்டியிருந்தது. மூன்று வயல் முறையில் ஒன்றில் இலையுதிர்காலத்தில் கோதுமை அல்லது ரை, ஒன்றில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பயறு, மூன்றாவது தரிசு. ஒரு படி கோதுமை விதைத்தால் மூன்று நான்கு படிதான் கிடைக்கும். அதில் ஒன்று மறுவிதைப்புக்குப் போய்விடும். மழை தவறினால் மட்டுமல்ல, மழை மிகுந்தாலும் பட்டினிதான்.

உணவிலேயே வர்க்கம் தெரிந்தது. பிரபுவின் மேசையில் சலித்த கோதுமை மாவின் வெள்ளை ரொட்டி. குடியானவருக்குப் பார்லி, ரை, பயறு கலந்த கறுப்பு ரொட்டி. காய்கறியும் பயறும் தானியமும் சேர்த்துக் கொதிக்கவைத்த கூழ் அன்றாடச் சாப்பாடு. பார்லியில் காய்ச்சிய ஏல் என்ற மது எல்லா வயதினருக்கும் பானம். ஏல் சில நாளில் புளித்துவிடும் என்பதால் அடிக்கடி காய்ச்ச வேண்டும். அதைச் செய்தவர்கள் பெண்கள், மிஞ்சியதை அண்டைவீட்டாருக்கு விற்றவர்களும் அவர்களே. திடீர்ச் சாவுகளை விசாரித்த அதிகாரிகளின் பதிவேடுகளில், ஆண்கள் வயலிலும் வண்டியடியிலும் பெண்கள் கிணற்றடியிலும் வீட்டுக்குள்ளும் இறந்திருக்கிறார்கள். யார் எங்கே உழைத்தார் என்பதற்கு அதைவிடத் துயரமான சாட்சியம் வேண்டாம்.

பண்ணை மன்றத்தின் சுருள்கள்

சில வாரங்களுக்கு ஒருமுறை பண்ணை மன்றம் கூடும். பிரபுவின் அதிகாரி தலைமை தாங்க, ஊராரிலிருந்தே நடுவர் குழு அமையும். கடன், எல்லைத் தகராறு, நில மாற்றம், ஏல் விற்றவர் கட்டும் தண்டம் எல்லாம் இலத்தீனில் தோல் சுருள்களில் எழுதப்பட்டன. பிரபுவின் வருமானத்தைக் காக்கத்தான் இவை எழுதப்பட்டன. எனினும் இங்கிலாந்தின் சாதாரண மக்கள் பெயரோடும் குரலோடும் வெளிப்படும் முதல் இடம் இவைதான்.

நார்தாம்ப்டன்‌ஷயரின் பிரிக்ஸ்டாக் பண்ணைச் சுருள்களிலிருந்து செசிலியா பெனிஃபாடர் என்ற பெண்ணின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் மீட்டெடுத்திருக்கிறார். 1297 வாக்கில் பிறந்து 1344இல் இறந்த செசிலியா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1315இல் தொடங்கிய பெரும் பஞ்ச ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் தன் பெயரில் நிலம் சேர்த்தார், மன்றத்தில் தானே நின்று பேசினார். மணமான பெண்ணின் நிலம் கணவன் கைக்குப் போய்விடும் சட்டத்தின் கீழ், மணமாகாத பெண்ணுக்கு அந்த இடைவெளி கிடைத்தது. ஆனால் ஊர்ப் பொறுப்புகள் எதுவும் பெண்ணுக்குக் கிடையாது. மூன்று பிரிவுக் கோட்பாட்டில் பெண்களுக்குத் தனி இடமே இல்லாதது தற்செயல் அல்ல.

சுருள்களில் எதிர்ப்பும் வரிவரியாக இருக்கிறது. அறுவடைக்கு வராதவர், வந்தும் மெல்ல வேலை செய்தவர், அனுமதியின்றி மகளை மணம்முடித்தவர், ஆலைக்குப் போகாமல் வீட்டில் அரைத்தவர். ஒவ்வொருவருக்கும் சில பென்னி தண்டம். ஆண்டுக்காண்டு அதே குற்றங்கள் திரும்பத் திரும்பப் பதிவாவதிலிருந்து, பணிவு முழுமையாக எப்போதுமே கிடைத்ததில்லை என்பது விளங்குகிறது.

ஆலைக்கு எதிரான நீண்ட வழக்கு

செயின்ட் ஆல்பன்ஸில் இந்தச் சிறு எதிர்ப்பு ஒரு நூற்றாண்டுப் போராட்டமாக வளர்ந்தது. வீட்டுத் திருகைகளை மடம் தடைசெய்ததை எதிர்த்து 1274இல் ஊரார் வழக்காடினார்கள். அரசி எலனோர் அவ்வழியே வந்தபோது பெண்கள் திரண்டு முறையிட்டார்கள். திருகை சுற்றியவர்கள் பெண்கள் என்பதால், அந்த வழக்கின் சுமையும் அவர்கள் மேல்தான் இருந்தது. வழக்கில் மடமே வென்றது.

1327இல் அரசர் இரண்டாம் எட்வர்டு வீழ்த்தப்பட்ட குழப்பத்தில் ஊரார் மடத்தை முற்றுகையிட்டுத் தன்னாட்சி உரிமைகளை எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ எண்பது வீடுகளில் திருகைகள் மறுபடி சுழன்றன. அதற்கான பதிலடிதான் ரிச்சர்டின் 1331ஆம் ஆண்டுப் பறிமுதல். உரிமைச் சாசனமும் திரும்ப வாங்கப்பட்டது.

நீராலையில் அரைப்பது உடலுக்கு எளிது. பல மணி நேர உழைப்பு மிச்சம். அப்படியிருந்தும் மக்கள் ஏன் திருகையை விடவில்லை? ஆலையில் காத்திருப்பும் கழிவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆலைக்குக் கட்டாயமாகப் போவது தாங்கள் சுதந்திரமற்றவர் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமமாக இருந்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக், 1935இல் நீராலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த ஊரின் கதையை எடுத்துக்காட்டினார். ஒரு தொழில்நுட்பம் பரவுவதை அதன் திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது என்ற அவர் பார்வை இன்றும் வலுவாக நிற்கிறது.

பஞ்சமும் கொள்ளைநோயும்

1315 முதல் 1317 வரை விடாமல் பெய்த மழையில் வட ஐரோப்பாவின் பயிர்கள் அழுகின. அதைத் தொடர்ந்து மாடுகள் நோயில் மடிந்தன. 1348இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய், ஒன்றரை ஆண்டுக்குள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அழித்தது. பிழைத்தவர்களுக்கு முன்பில்லாத ஒன்று கிடைத்தது: பேரம்பேசும் வலிமை. ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது, நிலம் காலியாகக் கிடந்தது.

ஆளும் வர்க்கம் சட்டத்தால் பதில் சொன்னது. 1349இன் ஆணையும் 1351இன் தொழிலாளர் சட்டமும் கூலியை நோய்க்கு முந்தைய அளவில் கட்டிப்போட முயன்றன. 1363இன் சட்டம் ஒன்று, யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று வரையறுத்தது; ஏரோட்டிக்கும் வண்டியோட்டிக்கும் முரட்டுக் கம்பளி மட்டுமே. வேலையாள் நாளுக்கு ஒருவேளைக்கு மேல் இறைச்சியோ மீனோ உண்ணக் கூடாது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இதைத் திரும்பப்பெற வேண்டியதாயிற்று. ஆனால் உழைப்பவர் நன்றாக உடுத்துவதும் உண்பதும் அதிகாரத்தை எவ்வளவு அச்சுறுத்தின என்பதற்கு அந்தச் சட்டமே சான்று.

அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. நார்ஃபோக்கின் செட்ஜ்ஃபோர்டு பண்ணைக் கணக்குகளை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர் டயர், அறுவடை ஆள்களுக்கான உணவுச் செலவில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டினார். 1256இல் பார்லி ரொட்டிக்கே பெரும் பங்கு. இறைச்சி மிகச் சொற்பம். 1424இல் செலவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறைச்சிக்கு; ரொட்டியோ கோதுமையாகிவிட்டது.

1381 கோடை

பிரான்சுடனான போருக்காக 1380இல் தலைக்கு 12 பென்னி என ஏழைக்கும் பணக்காரருக்கும் ஏறத்தாழ ஒரே வரி விதிக்கப்பட்டது. 1381 மே இறுதியில் எசெக்ஸில் வெடித்த கலகம் ஜூன் 13இல் லண்டனுக்குள் நுழைந்தது. மறுநாள் மைல் எண்டில் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டு, பண்ணையடிமைமுறை ஒழிந்தது, நிலவாடகை ஏக்கருக்கு 4 பென்னிதான் என ஒப்புக்கொண்டார். ஜூன் 15இல் ஸ்மித்ஃபீல்டில் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டதும் எல்லாம் தலைகீழானது. வாக்குறுதிகள் ஜூலையில் ரத்தாயின.

கலகக்காரர்களைக் கண்மூடித்தனமான கும்பல் என்று எழுதியவர்கள் துறவிகள். ஆனால் அவர்கள் எழுதியதிலிருந்தே வேறொன்று தெரிகிறது. பல மாவட்டங்களில் மக்கள் தேடிப்பிடித்து எரித்தவை பண்ணை மன்றச் சுருள்கள். எந்த ஏட்டில் தங்கள் அடிமைத்தனம் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு நான்காண்டுக்கு முன்பே, 1377இல், தெற்கு இங்கிலாந்தின் பல ஊரார் டூம்ஸ்டே ஏட்டிலிருந்து நகல் வாங்கி, தங்கள் நிலம் பழைய அரச நிலம், ஆகவே கடமைகள் செல்லாது என்று வாதிட்டிருந்தார்கள். எழுத்தறியாதவர்கள் எழுத்தின் வலிமையை நன்கு அறிந்திருந்தார்கள்.

செயின்ட் ஆல்பன்ஸில் வில்லியம் கிரிண்டிகாப் தலைமையில் ஊரார் மடத்துக்குள் நுழைந்தார்கள். பழங்கால அரசர் ஆஃபா தங்கள் முன்னோருக்குத் தந்ததாக அவர்கள் நம்பிய, பொன்னும் நீலமுமான எழுத்துகள் கொண்ட சாசனத்தைக் கேட்டார்கள். பிறகு கூடத்தின் தரையைப் பெயர்த்துத் திருகைக் கற்களை வெளியே எடுத்தார்கள். அவற்றை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஞாயிறு வழிபாட்டின் முடிவில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பங்கிடுவதைப் போல இருந்தது என்று அம்மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம் வெறுப்போடு எழுதினார். பறித்து ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. பறித்தவரும், பறிகொடுத்தவரில் பெரும்பாலோரும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த உடைமையின் நினைவு ஒரு தலைமுறையைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது.

அடக்குமுறை வந்தது. கலகத்தின் போதகர் ஜான் பால் ஜூலை 15இல் இதே ஊரில் தூக்கிலிடப்பட்டார். கிரிண்டிகாப் பிணையில் விடப்பட்டு, பெற்ற சாசனங்களைத் திருப்பித் தருமாறு ஊராரிடம் சொல்லப் பணிக்கப்பட்டார். அவரோ உறுதியாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு உயிரைக் கொடுத்தார்.

சட்டத்தால் ஒழியாத அடிமைமுறை

கலகம் தோற்றது, ஆனால் அது கேட்டது அடுத்த நூறாண்டில் பெரும்பாலும் கிடைத்தது. இங்கிலாந்தில் பண்ணையடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் எப்போதுமே இயற்றப்படவில்லை. கூலியில்லா உழைப்பு பணவாடகையானது, திருமணக் கட்டணங்கள் வசூலாகாமல் நின்றன, அதிருப்தி கொண்டவர்கள் அடுத்த பண்ணைக்குப் பெயர்ந்தார்கள். 1574இல் எலிசபெத் அரசி தன் நிலங்களில் எஞ்சியிருந்த அடிமைக் குடும்பங்களைப் பணம் பெற்று விடுவிக்க ஆணையிட்டபோது, மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள்.

இதைக் கொள்ளைநோயின் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது. எல்பா நதிக்குக் கிழக்கேயும் மக்கள்தொகை அடர்த்தி குறைவுதான். ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அங்கே அடிமைப்பிடி இறுகியது. பிரஷ்யாவில் 1807 வரை, ரஷ்யாவில் 1861 வரை அது சட்டமாக நின்றது. ஆள் பற்றாக்குறை ஒரு வாய்ப்பு மட்டுமே. அதைப் பயன்படுத்தக் கூடிப் பேசும் பழக்கமும், வழக்காடிய அனுபவமும், மறுக்கும் துணிவும் வேண்டும். இங்கிலாந்தின் ஊர்களில் அவை இரண்டு நூற்றாண்டாகப் பண்ணை மன்றத்திலேயே பயின்று வளர்ந்திருந்தன என்பதே என் முடிவு.

இதற்கு வலுவான சான்று அந்தச் சுருள்களின் பிற்கால வாழ்க்கை. 15ஆம் நூற்றாண்டில் குடியானவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றிய மன்றப் பதிவின் நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நகலே அவர்களின் பட்டா ஆயிற்று. பிரபுவின் வருமானத்துக்காக எழுதப்பட்ட ஏடு, பிரபுவுக்கு எதிராகவே குடியானவரின் உரிமையை நிறுவியது. பின்னர் அரச நீதிமன்றங்களும் அதை ஏற்றன. சில பென்னி தண்டம் கட்டியபடியே வீட்டில் மாவரைத்தவர்களும், மகளை அனுமதியின்றி மணம்முடித்தவர்களும், அறுவடைக்கு வர மறுத்தவர்களும் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். இடைக்கால வர்க்க வரலாற்றை எழுதும்போது, அரசர்களின் போர்களுக்குத் தரும் அதே கவனத்தை அவர்களின் தண்டக் கணக்குகளுக்கும் தர நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.